நுனிக்காலில் நடக்கும் குழந்தை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தையின் குதிகால் தரையில் படவில்லை என்பதைப் பல வீடுகளில் முதலில் சொல்வது எப்போதாவது வந்துபோகும் உறவினர்தான். தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது பழகிப்போயிருக்கும். அவர் சொல்லிவிட்டுப் போன அன்று இரவே பெற்றோர் கைபேசியும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். விடிவதற்குள் பத்துப் பதினைந்து நோய்ப் பெயர்கள் மனப்பாடம் ஆகியிருக்கும். குழந்தைகளுக்கான பிசியோதெரபி வேலையில் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. வாசித்துவிட்டுக் குழந்தையைப் பார்க்கும்போது, நடையைவிடக் கணுக்காலைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

இப்போதுதான் நடக்க ஆரம்பித்திருக்கிறாள். அடிக்கடி நுனிக்காலில் எழும்பி நடக்கிறாள். பயப்பட வேண்டுமா?

வேண்டாம். நடை பழகும் குழந்தைகள் பாதத்தை எல்லா விதத்திலும் வைத்துப் பார்ப்பார்கள். சோபாவைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகரும்போதும், மேலே இருக்கும் பொருளுக்கு எட்டும்போதும் குதிகால் தானாக உயரும். அந்தப் பழக்கம் தனியாக நடக்கும்போதும் சில மாதம் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுநடுவே குதிகாலை ஊன்றி நிற்கிறாளா, குந்தி உட்கார்ந்து விளையாடுகிறாளா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் போதும்.

எந்த வயது வரை பொறுத்திருக்கலாம்?

இரண்டு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் குதிகாலை முதலில் ஊன்றி நடக்கப் பழகிவிடுவார்கள். மூன்று வயது தாண்டியும் நாளின் பெரும்பகுதி நுனிக்காலிலேயே போகிறது என்றால் ஒரு முறை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். 'காட்டிவிடுவது' வேறு, 'சிகிச்சை எடுப்பது' வேறு. முதலாவதற்குத்தான் இந்த மூன்று வயதுக் கணக்கு.

ஸ்வீடனில் ஐந்தரை வயதுக் குழந்தைகள் 1436 பேரைப் பார்த்து 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் வேறு நோய் எதுவும் இல்லாமல் நுனிக்காலில் நடந்தவர்கள், நடந்துகொண்டிருந்தவர்கள் என்று மொத்தம் 70 பேர். இருபதில் ஒரு குழந்தை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 70 பேரில் 40 பேர் ஐந்தரை வயதுக்குள் தாங்களாகவே நிறுத்திவிட்டிருந்தார்கள். மீதி 30 பேர் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். பத்து வயதில் மறுபடி பார்த்தபோது, மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேரிடம் அந்த நடை இல்லை. 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று பெரியவர்கள் சொல்வதில் இவ்வளவு உண்மை இருக்கிறது. அந்த ஐந்தாவது குழந்தை நம் வீட்டில் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் மற்ற கேள்விகள் எல்லாம்.

காரணம் என்ன?

நிறையக் குழந்தைகளுக்குக் காரணமே தெரியாது. மற்ற நோய்கள் எதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாக ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதற்குக் 'காரணம் அறியப்படாத நுனிக்கால் நடை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குடும்பத்தில் ஓடும். அப்பாவோ அத்தையோ சின்ன வயதில் இப்படித்தான் நடந்தார்கள் என்பது விசாரித்த பிறகே வெளிவரும். ஒரு முறை பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

எதைப் பார்த்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால், இதை வாசியுங்கள்.

முதலாவது, ஒரு காலில் மட்டும் நுனிக்கால் நடை. ஒரு பாதம் முழுதாகப் படுகிறது, மறு பாதத்தில் குதிகால் தூக்கியே இருக்கிறது என்றால் அதைப் பழக்கம் என்று விடவே கூடாது. அந்தப் பக்கம் கால் நீளம் குறைவாக இருக்கலாம், இடுப்பு மூட்டு விலகியிருக்கலாம், மூளை பாதிப்பால் தசை விறைக்கும் பெருமூளை வாதத்தின் லேசான வடிவமாகவும் இருக்கலாம். அதே பக்கக் கையையும் குழந்தை குறைவாகப் பயன்படுத்துகிறதா என்று கவனியுங்கள். ஒரு வயது முடிவதற்குள்ளேயே 'இவன் இடது கைக்காரன்' என்று வீட்டில் முடிவுகட்டும் அளவுக்கு ஒரு கையை மட்டும் நீட்டினால், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த வயதில் இரண்டு கையும் சமமாகத்தான் வேலை செய்யும்.

இரண்டாவது, நன்றாக நடந்துகொண்டிருந்த குழந்தை திடீரென்று நுனிக்காலுக்கு மாறுவது. காரணம் அறியப்படாத வகை பெரும்பாலும் நடக்க ஆரம்பித்த நாளிலிருந்தே இருக்கும். நான்கு வயதில் புதிதாக முளைத்தால் அதற்கு ஒரு காரணம் தேட வேண்டும். கூடவே, படுக்கையை நனைக்கும் பழக்கம் நின்றுபோய்த் திரும்ப வருவது, மலச்சிக்கல், முதுகுவலி, கீழ்முதுகின் நடுவே ஒரு குழியோ முடிக்கொத்தோ இருப்பது எல்லாம் தண்டுவடத்தைப் பரிசோதிக்கச் சொல்லும் அடையாளங்கள்.

மூன்றாவது, குழந்தை தரையிலிருந்து எழும் விதம். கையில் எதுவும் கொடுக்காமல், சுவர் பக்கத்தில் இல்லாமல், நடுத்தரையில் உட்காரவைத்து எழச் சொல்லுங்கள். மூன்று வயதுக் குழந்தை துள்ளி எழுந்துவிடும். அப்படி இல்லாமல் முதலில் குப்புறத் திரும்பி, பிட்டத்தைத் தூக்கி, முழங்காலில் கை ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல் தொடையில் கையை மாற்றி மாற்றி வைத்து நிமிர்ந்தால் தொடைத் தசையிலும் இடுப்புத் தசையிலும் பலமில்லை என்று அர்த்தம். ஆண் குழந்தைகளில் இது டியூஷென் தசைச் சிதைவு நோயின் அடையாளமாக இருக்கலாம். கெண்டைக்கால் பருத்துத் திரண்டிருக்கும். பார்ப்பவர்கள் 'நல்ல கால் பலம்' என்பார்கள். மாடிப்படி ஏறத் திணறுவதும் அடிக்கடி விழுவதும் இதோடு சேரும். சிபிகே என்ற எளிய ரத்தப் பரிசோதனையிலேயே முதல் தடயம் கிடைத்துவிடும். அரிதான நோய்தான். ஆனால் சீக்கிரம் தெரிந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

இன்னும் சில: குறைமாதத்தில் பிறந்த குழந்தை, கால் விறைப்பாக இருந்து கத்தரிபோல் பின்னுவது, 18 மாதம் தாண்டியும் தனியாக நடக்காதது, ஏற்கெனவே கற்ற எதையாவது இழப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மூன்று வயது வரை காத்திருக்க வேண்டாம்.

நுனிக்கால் நடை என்றால் ஆட்டிசமா?

எல்லோரும் கடைசியில், குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி இது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் நுனிக்கால் நடை மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. ஆனால் நடையை மட்டும் வைத்து யாரும் ஆட்டிசம் என்று சொல்ல முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, ஒன்றை விரல் நீட்டிக் காட்டி உங்களையும் பார்க்கவைக்கிறதா, வயதுக்கேற்ற பேச்சு இருக்கிறதா, மற்றவர்களைப் பார்த்துப் பாவனை செய்து விளையாடுகிறதா? இவையெல்லாம் இருந்தால் காலைப் பற்றி மட்டும் கவலைப்படுங்கள். இவற்றில் தயக்கம் இருந்தால், கால் எப்படி இருந்தாலும் வளர்ச்சிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

வீட்டிலேயே எப்படிச் சரிபார்ப்பது?

மூன்று வழி. குழந்தைக்கு எதுவும் சொல்லாமலே செய்யலாம்.

குளித்து வரும்போது பாதம் ஈரமாக இருக்கும். உலர்ந்த தரையில் அப்படியே நடக்கவிட்டு, பின்னாலேயே போய் அந்தத் தடத்தைப் பாருங்கள். ஐந்து விரல் புள்ளிகள், அதற்குக் கீழே ஒரு பட்டை, அதோடு முடிந்துவிட்டதா? குதிகால் வட்டம் எங்காவது பதிந்திருக்கிறதா? பத்து அடியில் நான்கைந்தில் குதிகால் தெரிந்தாலே நல்ல செய்தி. குதிகால் கீழே வர முடிகிறது என்று அது சொல்கிறது.

அடுத்து பழைய ஷூவை எடுத்துப் புரட்டுங்கள். முன்பக்கம் தேய்ந்து, மடங்கும் இடத்தில் தோல் வெடித்து, குதிகால் பகுதி மட்டும் கடையில் வாங்கியதுபோல் இருந்தால், நீங்கள் பார்க்காத நேரத்தில் நடப்பதையும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம். குழந்தை தூங்கும்போது முழங்காலை நேராக வைத்துக்கொண்டு பாதத்தை மெல்ல முகத்தை நோக்கி மடக்கிப் பாருங்கள். பாதமும் காலும் சுவரும் தரையும்போல் செங்கோணத்தில் நிற்பது ஒரு நிலை. அதையும் தாண்டி இன்னும் கொஞ்சம் மேலே வர வேண்டும். சாதாரணமாக நடப்பதற்கே ஏறக்குறைய 10 டிகிரி தேவை. செங்கோணத்துக்கே வராமல் கட்டைபோல் நின்றால் கெண்டைக்கால் தசையும், அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிகால் நாணும் குறுகிவிட்டன.

குந்தி உட்காரும்போது குதிகால் படுகிறதே என்று பலர் நிம்மதி அடைவார்கள். அதை முழுதாக நம்பாதீர்கள். கெண்டைக்காலின் வெளித்தசை முழங்காலையும் தாண்டிப் போகிறது. முழங்காலை மடக்கினால் அது தளர்ந்துவிடும், பாதம் எளிதாக மேலே வரும். நிமிர்ந்து நடக்கும்போதுதான் அதன் இறுக்கம் தெரியும். அதனால்தான் முழங்காலை நேராக வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

டாக்டர் முன்னால் மட்டும் அழகாக நடந்து காட்டுகிறான். என்ன செய்வது?

எல்லாக் குழந்தையும் அப்படித்தான். நான்கு வயதுக்காரன் ஒருவன் என் அறைக்குள் குதிகாலைத் தட்டித் தட்டி, அணிவகுப்பில் போவதுபோல் நடந்து வந்தான். அம்மாவுக்கு முகமே சுருங்கிப்போயிற்று. 'சரி, முடிஞ்சுது, போகலாம்' என்று சொன்னதுமே கதவை நோக்கி நுனிக்காலில் ஓடினான். அதுதான் நான் பார்க்க வேண்டிய நடை.

முன்கூட்டியே வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரைக்கால் சட்டையில், வெறுங்காலில், கேமராவைக் குழந்தையின் முழங்கால் உயரத்துக்கு இறக்கிப் பிடித்து, பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று. நடப்பது, ஓடுவது, தரையிலிருந்து எழுவது மூன்றும் இருக்கட்டும். ஒவ்வொன்றும் அரை நிமிடம் போதும். குழந்தைக்குத் தெரியாமல் எடுத்தால்தான் பலன்.

டாக்டர் என்னென்ன பார்ப்பார்? ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பிறந்த கதையைக் கேட்பார், எப்போது நடந்தது என்று கேட்பார், கணுக்கால் மடங்கும் அளவை எடுப்பார், தசை விறைப்பைப் பார்ப்பார், அனிச்சைச் செயல்களைச் சுத்தியல் தட்டிப் பார்ப்பார், முதுகைத் திருப்பிப் பார்ப்பார். இவை எல்லாம் சரியாக இருந்தால் பெரும்பாலும் ஸ்கேன் தேவைப்படாது. முதலில் குழந்தை மருத்துவரிடம் போங்கள். அவர் சந்தேகப்படுவதைப் பொறுத்து நரம்பியல் டாக்டரிடமோ எலும்பு டாக்டரிடமோ அனுப்புவார்.

'குதிகாலை வை, குதிகாலை வை' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கேட்கவே மாட்டேன் என்கிறாள்.

கேட்காமல் இல்லை. நீங்கள் சொன்னதும் நான்கு அடி சரியாக வைப்பாள். ஐந்தாவது அடியில் பூனையோ பந்தோ கண்ணில் பட்டதும் கால் பழைய வழிக்குப் போய்விடும். நடை என்பது யோசித்துச் செய்கிற வேலை கிடையாது. பேசிக்கொண்டே போகும்போது நாம் எந்தக் காலை எப்படி வைக்கிறோம் என்று நமக்கே தெரியாது. தானாக ஓடும் ஒன்றை நாள் முழுக்கச் சொல்லி மாற்ற முடியாது. நாளுக்கு ஐம்பது தடவை கேட்கும் குழந்தைக்குத் தன் காலில் ஏதோ தப்பு என்று மட்டும் பதிந்துவிடும். குதிகால் தானாகத் தரைக்கு வரும்படியான வேலையைக் கொடுங்கள், சொல்வதை விட்டுவிடுங்கள்.

நீட்டல் பயிற்சி எப்படிச் செய்வது?

பலர் தப்பாகச் செய்வது இதில்தான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பார்த்தவுடன் தோன்றுவது, விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டில் உள்ளங்கையை வைத்துத் தள்ளுவது. அப்படித் தள்ளினால் பாதம் மேலே வருவதுபோல் தெரியும். உண்மையில் மடங்குவது கணுக்கால் அல்ல, பாதத்தின் நடுப்பகுதி. குறுகிய நாண் அப்படியே இருக்க, பாத வளைவுதான் தளர்ந்து தட்டையாகும்.

சரியான பிடி இப்படி. குழந்தையை மல்லாக்கப் படுக்கவையுங்கள். வலது காலுக்கு என்றால், உங்கள் இடது கை குழந்தையின் முழங்காலுக்குச் சற்று மேலே, கால் மடங்காதபடி லேசாக வைத்திருக்கட்டும். வலது உள்ளங்கையில் குதிகாலை ஏந்திக்கொள்ளுங்கள், ஒரு ஆரஞ்சுப் பழத்தைப் பிடிப்பதுபோல். பாதத்தின் அடிப்பகுதி உங்கள் முன்கையில் சாய்ந்திருக்கும். இப்போது குதிகாலை முதலில் உங்கள் பக்கம் இழுங்கள். குதிகால் இறங்க ஆரம்பித்த பிறகு உங்கள் உடம்பை மெல்ல முன்னால் சாய்த்தால் முன்கை பாதத்தை மேலே கொண்டுபோகும். பாதம் வெளிப்பக்கமாகத் திரும்ப முயலும். விடாதீர்கள், நேராகவோ ஒரு துளி உட்பக்கமாகவோ இருக்கட்டும். இழுபடுவது கெண்டைக்காலில் தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. 30 விநாடி பிடித்திருந்து விடுங்கள். ஒரு காலுக்கு நான்கைந்து முறை. அப்புறம் முழங்காலை மடக்கி இதையே செய்தால் உள்தசைக்கும் நீட்டல் கிடைக்கும்.

காலையில் ஒன்று, தூங்கும் முன் ஒன்று என்று நாளுக்கு இரண்டு வேளை செய்யலாம். பாட்டு ஒன்று பாடி முடியும்வரை என்று வைத்துக்கொண்டால் விநாடி எண்ண வேண்டாம். உதைத்து அழுதால் நிறுத்திவிடுங்கள். அழும் குழந்தை காலை இறுக்கிக்கொள்ளும், இறுகிய தசையை நீட்ட முடியாது. சின்னக் குழந்தைக்குத் தூக்கத்தில் செய்வதே சுலபம். முதல் முறை மட்டும் ஒரு பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்து காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு என்ன விளையாட்டு உதவும்?

நீட்டல் குழந்தைக்குப் பிடிக்காது, விளையாட்டு பிடிக்கும். என் அனுபவத்தில் வீடுகளில் மாதக்கணக்கில் நீடிப்பதும் விளையாட்டுதான். அதிலும் மூன்று விதம் தேவை: தசையை நீட்டுவது, பாதத்தைத் தூக்கும் முன்கால் தசைக்கு வலு கொடுப்பது, முழுப் பாதத்தில் எடையைப் போடப் பழக்குவது.

நீட்டுவதற்குக் கரடி நடை. கையும் பாதமும் தரையில், பிட்டம் மேலே, கால் முடிந்தவரை நேராக. சாய்தளத்தில் ஏறுவதும் இதே வேலையைச் செய்யும். ஏறும்போது பாதம் தானாகவே மேல்நோக்கி மடங்கும். சுவரில் படம் ஒட்டி, அதன் முன்னால் சாய்வான பலகையில் நின்று வண்ணம் தீட்டச் சொன்னால் கால் மணி நேரம் நீட்டலில் நிற்கிறோம் என்பதே குழந்தைக்குத் தெரியாது. பலகையின் உயர்ந்த பக்கம் விரல்கள் இருக்க வேண்டும், குதிகால் தாழ்ந்த பக்கம். மாற்றி வைத்துவிடாதீர்கள்.

முன்கால் தசைக்குப் பெங்குவின் நடை: விரல்களைத் தூக்கிக்கொண்டு குதிகாலில் மட்டும் நடப்பது. பத்து அடிகூட முதலில் வராது, கை பறப்பதுபோல் ஆடும், சிரிப்பு வரும். வரட்டும். உட்கார்ந்த நிலையில் பாதத்தின் மேல் ஒரு சின்னத் துணிப் பொம்மையை வைத்து, குதிகாலை ஊன்றியபடி பாதத்தை மட்டும் தூக்கி அதை எகிறவைக்கச் சொல்லலாம். இதற்குப் பிடிவாதமான ரசிகர்கள் உண்டு.

முழுப் பாதத்துக்கு யானை நடை, தொம் தொம் என்று. தாழ்வான முக்காலியில் உட்காரவைத்து, பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்க, ஒவ்வொரு கட்டையாக எடுக்க எழுந்து எழுந்து உட்காரச் செய்யலாம். மணலில் நடப்பதும் நல்லது. ஒரு எச்சரிக்கை: சதா குதிக்கும் விளையாட்டுகள் சில குழந்தைகளை நுனிக்காலுக்கே தள்ளும். குதிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. தவளை மாதிரி முழுப் பாதத்தில் இறங்கச் சொல்லுங்கள்.

புல், மணல், ஈரத்தரை என்றால் இன்னும் உயரமாக எழும்புகிறான். ஏன்?

சில குழந்தைகளுக்கு உள்ளங்காலில் படும் உணர்ச்சி நமக்குத் தெரிவதைவிடப் பலமாகத் தெரிகிறது. தரையைத் தொடும் பரப்பைக் குறைக்க நுனிக்காலில் போகிறார்கள். தலை வாரினால் அழுவது, சட்டையின் லேபிள் குத்துகிறது என்பது, கை அழுக்கானால் துடைத்துக்கொண்டே இருப்பது எல்லாம் கூடவே இருந்தால் அன்றாட வேலைகளுக்கும் தொடு உணர்ச்சிக்கும் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைப் பார்ப்பது பயன்படும். வீட்டில் அவசரப்படாமல் ஆரம்பியுங்கள்: முதலில் உட்கார்ந்தபடி பாதத்தால் தொடட்டும், பிறகு காலுறையோடு நிற்கட்டும், கடைசியில் வெறுங்கால்.

ஷூ போடலாமா, வெறுங்காலா?

இரண்டுக்கும் இடம் உண்டு. அடிப்பாகம் வளையாத, குதிகாலை இறுகப் பிடிக்கும், கொஞ்சம் கனமான ஷூவில் பல குழந்தைகள் தாமாகவே குதிகாலை இறக்கிவிடுகிறார்கள். முன்பக்கம் மடங்காததால் நுனியில் எழும்புவது சிரமம். ஆனால் உள்ளே கால் என்ன செய்கிறது என்று ஷூ மறைத்துவிடும். ஷூவின் குதிகால் தரையில் இருக்கும். குழந்தையின் குதிகால் ஷூவுக்குள் ஒரு விரல் உயரத்தில் மிதக்கும். பின்பக்கம் விரல் விட்டுப் பாருங்கள். வீட்டுக்குள் வெறுங்காலில் நடக்கட்டும்.

வாக்கரில் விட்டதால்தான் இப்படி ஆனதா?

சக்கரம் வைத்த வாக்கரில் குழந்தை நுனிக்காலால் உந்தித்தான் நகரும். அது நல்ல பாடம் அல்ல. அதனால்தான் நுனிக்கால் நடை வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வாக்கரையே பார்க்காத குழந்தைகளும் இப்படி நடக்கிறார்கள். வாக்கரில் விட்டதற்காக உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். அடுத்த குழந்தைக்கு வாங்காதீர்கள், அவ்வளவுதான். படியில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்துக்காகவே கனடா 2004-இல் இவற்றை முழுதாகத் தடை செய்துவிட்டது.

நன்றாக உருவிவிட்டால் சரியாகுமா?

தசை தளரும், குழந்தைக்குச் சுகமாக இருக்கும், நீட்டலுக்கு முன்னால் செய்தால் நீட்டல் எளிதாகும். குறுகிய நாண் அதனால் நீளாது. பலமாக அழுத்தி முறுக்குகிறவர்களிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

மாவுக்கட்டுப் போட வேண்டும் என்கிறார்கள். எலும்பு உடையவே இல்லையே?

இந்தக் கட்டு எலும்புக்கு அல்ல, தசைக்கு. கணுக்கால் எவ்வளவு மடங்குகிறதோ அந்த நிலையில் முழங்காலுக்குக் கீழே கட்டுப் போடுவார்கள். ஒன்று இரண்டு வாரம் கழித்துப் பிரித்தால் இன்னும் சில டிகிரி கூடுதலாக மடங்கும். அந்தப் புது நிலையில் அடுத்த கட்டு. இப்படி மாற்றி மாற்றி மொத்தம் நான்கு முதல் ஆறு வாரம் வரை போகும். நாள் முழுக்க நீட்டிய நிலையிலேயே இருப்பதால் தசை மெல்ல நீள்கிறது. நாளுக்குப் பத்து நிமிட நீட்டலால் ஆகாதது இதில் ஆகும்.

குழந்தை கட்டோடு நடக்கலாம், நடக்கவும் வேண்டும். முதல் நாள் நம்மைப் பார்த்து அழும், இரண்டாம் மூன்றாம் நாள் கட்டுக் காலோடு ஓடும். நீங்கள் கவனிக்க வேண்டியது விரல்களைத்தான். விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, வெளுத்துக் குளிர்ந்தாலோ, வீங்கினாலோ, கட்டுக்குள்ளிருந்து துர்நாற்றம் வந்தாலோ, சமாதானமே ஆகாமல் அழுதாலோ விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அரிக்கிறது என்று குச்சியோ ஸ்கேலோ உள்ளே விடக் கூடாது. நனையக் கூடாது.

கட்டுப் பிரித்த அன்று கால் மெலிந்து, நடை தள்ளாடும். சில நாளில் சரியாகும். அதன் பிறகு இரவிலோ பகலிலோ போட, பாதத்தை மடங்கிய நிலையில் பிடித்துவைக்கும் ஸ்பிளின்ட் கொடுப்பார்கள். அதைப் போடாமல் அலமாரியில் வைத்தால் கட்டுப் போட்டுக் கிடைத்த பலன் மெல்ல நழுவிப்போகும்.

போட்டாக்ஸ் ஊசி?

தசையைச் சில காலம் தளர்த்திவைக்கும் ஊசி இது. பெருமூளை வாதத்தால் வரும் விறைப்புக்குப் பயன்படுகிறது. காரணம் அறியப்படாத நுனிக்கால் நடைக்கு இதன் பலன் குறைவு. 5 முதல் 15 வயதுள்ள 47 குழந்தைகளை வைத்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், கட்டு மட்டும் போட்டவர்களுக்கும் ஊசியும் கட்டும் சேர்த்துப் பெற்றவர்களுக்கும் முடிவில் வித்தியாசம் இல்லை. ஊசியைப் பரிந்துரைத்தால், எதற்காக என்று கேளுங்கள்.

அறுவை சிகிச்சை எப்போது?

கணுக்கால் செங்கோணத்துக்கு வராமல் இறுகிப்போய், நீட்டலும் கட்டும் முயன்று பலிக்காதபோது. பெரும்பாலும் பள்ளிக்குப் போகும் வயதில்தான் இந்தப் பேச்சே வரும். குதிகால் நாணையோ கெண்டைக்கால் தசையின் உறையையோ நீளமாக்குவார்கள். எங்கே வெட்டுவது என்பதை, முழங்காலை மடக்கியும் நீட்டியும் எடுத்த அளவுதான் தீர்மானிக்கும். பிறகு சில வாரம் கட்டு, அப்புறம் பிசியோதெரபி. நாண் அளவுக்கு மீறி நீண்டுவிட்டால் குழந்தைக்கு உந்தி நடக்கும் பலம் போய்விடும், அதைச் சரிசெய்வது கடினம். கணுக்கால் நன்றாக மடங்கும் குழந்தைக்கு, நடை பார்க்க அழகாக இல்லை என்பதற்காக மட்டும் கத்தியை எடுப்பதை நான் ஏற்க மாட்டேன்.

ஒன்றுமே செய்யாமல் விட்டால்?

கணுக்கால் நன்றாக மடங்குகிறது, மற்ற பரிசோதனை எல்லாம் சரி என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளவெடுத்துக்கொண்டு காத்திருப்பதும் ஒரு நல்ல சிகிச்சைதான். இறுக்கம் இருந்தும் விட்டுவிட்டால் அது கூடிக்கொண்டே போகலாம். குழந்தை பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, வளைவைத் தட்டையாக்கிக் குதிகாலைத் தரைக்குக் கொண்டுவரப் பார்க்கும். பார்ப்பவர்களுக்கு 'நுனிக்கால் நடை போய்விட்டது' என்று தோன்றும். இறுக்கம் அங்கேயேதான் இருக்கும்.

பள்ளியில் கேலி செய்கிறார்கள்.

ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்: இவள் வேண்டுமென்றே செய்யவில்லை, வகுப்பில் எல்லோர் முன்னும் திருத்த வேண்டாம், வேறு குழந்தைகள் சொன்னால் நிறுத்துங்கள். குழந்தைக்கும் ஒரு பதில் சொல்லிக்கொடுங்கள். 'என் கால் தசை கொஞ்சம் இறுக்கம், அதுக்குப் பயிற்சி செய்றேன்' என்று ஐந்து வயதுக் குழந்தை சொன்னால் கேட்டவனுக்கு மேலே கேட்க ஒன்றும் இருக்காது.

களைத்துப்போனாலோ குஷியானாலோ மட்டும் நுனிக்காலில் போகிறான்.

மற்ற நேரம் குதிகாலை ஊன்றி நடக்கிறான், கணுக்கால் மடங்குகிறது என்றால் விட்டுவிடலாம்.

முழுதாக நின்றுவிட்டது. பயிற்சியை நிறுத்தலாமா?

ஒரேயடியாக நிறுத்தாமல் குறைத்துக்கொண்டே வாருங்கள். குழந்தை திடீரென்று உயரும் காலங்களில் எலும்பு முதலில் நீண்டுவிடும், தசை பின்னால்தான் வந்து சேரும். அந்த நேரத்தில் பழைய நடை சில வாரம் எட்டிப்பார்க்கும். அப்போது நீட்டலைத் திரும்ப ஆரம்பித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கதவோரம் நிறுத்திப் பென்சிலால் உயரம் குறிக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், கோடு போட்ட கையோடு குழந்தையைப் படுக்கவைத்து, முழங்காலை நேராக வைத்துக் கணுக்காலையும் ஒரு முறை மடக்கிப் பார்த்துவிடுங்கள்.